எச்சில் துப்பிப் பூட்டனைத் தேடிய கதை

உச்சிப்புளியில் நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை, கூடவே இ-சேவையும் உண்டு. வாரிசுச் சான்றிதழுக்கு வருகிறவர்களிடம் தாத்தா பெயர் என்ன, அவருடைய அப்பா பெயர் என்ன என்று நாள் முழுக்கக் கேட்டுத் தட்டச்சு செய்கிற ஆள். என் தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியாது.

இதில் பெரிய வருத்தமெல்லாம் எனக்கு இருந்ததில்லை. 2021-இல் மகளுக்கு மூன்று வயது முடிந்தபோதுதான் ஆரம்பித்தது. முதல் மொட்டை இன்னும் போடவில்லை, குலதெய்வம் கோயிலில்தானே போட வேண்டும், எப்போது போகிறீர்கள் என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. எங்களுக்குக் குலதெய்வம் தெரியாது. தெரியாதவர்கள் திருச்செந்தூருக்குப் போகலாம் என்பார்கள், அப்பாவின் முடியும் என் முடியும் அங்கேதான் போனது. மகளின் முடியும் அங்கேதான் போயிற்று, அது வேறு விஷயம். ஆனால் என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்: "மூணு தலைமுறையா தெரியாது தெரியாதுன்னே சொல்றீங்களே, ஒருத்தராவது தேடிப் பாத்தீங்களா?"

தேடவில்லை. எங்கே போய்த் தேடுவது?

அய்யா (அப்பாவின் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 1927 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். அவரை ஊரில் 'கேம்ப்புப் பிள்ளை' என்பார்கள், கிழவரான பிறகும் அதே பெயர்தான். மண்டபம் கேம்ப் என்றால் இப்போது எல்லோருக்கும் இலங்கை அகதிகள் முகாம் ஞாபகம் வரும். அதற்கு ரொம்ப முன்னாலேயே அது கேம்ப்புதான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று ஆனதும், தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற சனமெல்லாம் இந்த வழியாகத்தான் போனது. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை என்று எங்கெங்கோ இருந்து கங்காணி பின்னால் ரயிலேறி வந்து மண்டபத்தில் இறங்குவார்கள். காலராவும் அம்மையும் தோட்டத்துக்குள் வந்துவிடக் கூடாதென்று இலங்கை அரசு இங்கேயே ஒரு முகாம் நடத்தியது. மண் நம்முடையது, அதிகாரம் கொழும்புடையது. ஒரு வாரம் போல அடைத்து வைத்து, டாக்டர் பார்த்து, கழுத்தில் தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகரத் துண்டு தொங்க, அனுப்பி வைப்பார்கள்.

அப்படி வந்த ஒரு குடும்பத்தில் தாய்க்காரி கேம்ப்பிலேயே செத்துப் போனாள். பேதி என்கிறார்கள். மூன்று வயதுப் பையனுக்கும் காய்ச்சல். தகப்பன் கப்பலேறிப் போய்விட்டான். பிள்ளையைப் பிழைக்காது என்று விட்டுப் போனானா, கங்காணியிடம் வாங்கிய முன்பணம் அவனை நிற்க விடவில்லையா, திரும்பி வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனானா, இந்த இடத்தில் கதை சொல்கிறவரைப் பொறுத்து மாறும். பிள்ளை பிழைத்துக்கொண்டது. கேம்ப்பில் சமையல் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்குத் தூக்கி வந்து வளர்த்தார். வளர்த்ததோடு நிற்காமல் தன் தங்கை மகளையே கட்டியும் வைத்தார். வளர்த்த முறைக்கு அத்தை மகள், முறை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் என்ன ஆள் என்றே தெரியாதவனுக்குப் பெண் கொடுத்தார் என்று அவர் வீட்டில் ஆறு வருடம் யாரும் கை நனைக்கவில்லையாம்.

ஆக அய்யாவின் ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் தகப்பன் பெயர் என்று இருப்பது சமையல்காரத் தாத்தாவின் பெயர். சான்றிதழ் எழுதிப் பிழைக்கிற நான் சொல்கிறேன், எங்கள் வீட்டுக் காகிதங்கள் எல்லாம் அன்பாகப் பொய் சொல்லும்.

டிஎன்ஏ யோசனை என் மனைவியின் தம்பியுடையது. லண்டனில் இருக்கிறான். அங்கே கிறிஸ்துமஸுக்குப் பரிசாகக் கொடுக்கிற அளவுக்கு அது சாதாரணமாகிவிட்டது. குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால், அதே கம்பெனிக்கு எச்சில் கொடுத்தவர்களில் யார் யார் நமக்குச் சொந்தம் என்று அதன் இணையதளத்தில் பட்டியல் வரும். அந்த வருடம் ஊருக்கு வரும்போது பெட்டியில் நாலு குழாய் கொண்டு வந்தான். அந்தக் காசில் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்கியிருக்கலாம் என்று கேள்வி கேட்ட அதே மனைவி சொன்னாள்.

முதல் குழாயை நான் எடுத்துக்கொள்ளப் போனேன். மச்சான் தடுத்தான், அது சரியான தடுப்பு. இந்த விஷயத்தில் இறங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான யோசனையும் இதுதான்: வீட்டில் இருப்பவர்களிலேயே மூத்தவரின் எச்சிலை முதலில் எடுங்கள், இன்றைக்கே எடுங்கள். ஒரு பிள்ளைக்குத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி வருகிறது. அய்யாவிடம் இருந்ததில் பாதி அப்பாவுக்கு. அதில் ஏறத்தாழ பாதிதான் எனக்கு. ஒவ்வொரு படியிலும் பாதி கொட்டிப் போகிறது. அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாதி போவதில்லை, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ஆளுக்கு ஒரு கை. அப்பாவையும் அத்தையையும் சேர்த்துச் சோதித்தால் அய்யாவின் டிஎன்ஏயில் முக்கால் பங்கு போல மீண்டுவிடும். மூன்றாவது பிள்ளையும் இருந்தால் 87 சதவீதம் வரை போகும். மூன்றாவது பிள்ளை பெரியத்தை, 2019-இல் போய்விட்டார். அவரோடு போனதைத் திருப்பி எடுக்க எந்த லேபும் கிடையாது.

அத்தை வெற்றிலை போடுகிறவர். எச்சில் கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்னாலிருந்து வாயில் எதுவும் போடக் கூடாது என்றதும் "வெத்தலை என்ன சாப்பாடா?" என்று ஒரு சண்டை. அப்பாவுக்கு வேறு பிரச்சினை, குழாயின் கோடு வரை நிரப்ப எச்சில் ஊறவில்லை. புளியங்காயை நினைச்சுக்க, மாங்காயை நினைச்சுக்க என்று ஆளாளுக்கு யோசனை. ஒரு குழாய் தேறவில்லை என்று ஒரு மாதம் கழித்து மின்னஞ்சல் வந்தது. நாங்கள் எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அப்பாவுடையதுதான். மறுபடி ஒரு குழாய், மறுபடி துப்பல்.

மற்ற இரண்டு குழாய் யாருக்கு என்பதில்தான் கொஞ்சம் மூளை தேவைப்பட்டது. அப்பாவின் டிஎன்ஏயில் பாதி அப்பத்தா வழி, அது எங்களுக்குத் தெரிந்த வழி. தெரியாத பாதியை மட்டும் பிரிக்க வேண்டுமென்றால் தெரிந்த பக்கத்து ஆளைச் சோதித்து, இருவருக்கும் பொதுவாக வருகிற உறவுகளைக் கழித்துவிட வேண்டும். வடித்துக் கொட்டுவது போல. அப்பத்தாவின் தங்கை பாம்பனில் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர், அவருக்கு ஒன்று. இன்னொன்று அம்மாவுக்கு. அம்மா எப்படி அப்பத்தா பக்கத்து ஆள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அப்பா கட்டியது சொந்த மாமன் மகளை. அப்பத்தாவின் தம்பி மகள்தான் என் அம்மா.

இங்கேதான் நம்முடைய கல்யாண வழக்கம் இந்த விஞ்ஞானத்தோடு மல்லுக்கு நிற்கிறது. இரண்டு பேர் எவ்வளவு பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதைச் சென்டிமார்கன் என்ற அலகில் சொல்வார்கள், ஒரு ஆளின் இரண்டு பாதியும் சேர்ந்தால் மொத்தம் 7000 போல வரும். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் 3400, 3500 என்று வரும். பிளெய்ன் பெட்டிங்கர் என்ற அமெரிக்கர் ஆயிரக்கணக்கானவர்களிடம் எண்களைத் திரட்டி ஓர் அட்டவணை போட்டிருக்கிறார், 2020-இல் வந்த பதிப்பைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குச் சராசரி 866, அவர்களுடைய பிள்ளைகளுக்குள் 229, அதற்கும் அடுத்த படியில் 73. என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் 941 வந்தது. புருசன் பொண்டாட்டி என்று அந்த இணையதளத்தில் எழுத ஒரு இடம் கூட இல்லை!

அந்த அட்டவணை பெரும்பாலும் சொந்தத்தில் கட்டாத சனங்களின் கணக்கு. நமக்கு அப்படியே பொருந்தாது. அக்கா மகள், அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்ட இடத்தில் ஒருவருக்கு ஒருவர் நாலு வழியில் உறவாக இருப்பார்கள், எண் வீங்கித்தான் வரும். வீட்டுக்குள் கட்டாவிட்டாலும் சாதிக்குள்ளேயே கட்டுவதால் இன்னொரு வீக்கம். ஐதராபாத்தில் சிசிஎம்பி என்ற அரசு ஆய்வகத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்த குழு 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. தெற்காசியாவில் அவர்கள் பார்த்த 263 குழுக்களில் 81 குழுக்கள், உலகமே உதாரணம் காட்டுகிற ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடச் சின்ன மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று தெரிந்தது. அவர்கள் கவலைப்பட்டது பரம்பரை நோய்களைப் பற்றி. எனக்கு அதிலிருந்து கிடைத்தது வேறு பாடம். பட்டியலில் 30, 40 சென்டிமார்கன் என்று வருகிறவர்களை 'மூன்றாவது, நான்காவது வழி உறவு' என்று அந்தத் தளம் சொன்னால் நம்பி உட்கார்ந்து மரம் வரையக் கூடாது. முந்நூறு வருடத்துக்கு முந்திய பொது உறவு துண்டு துண்டாக நாலு இடத்திலிருந்து வந்து கூடியிருக்கும். மொத்த எண்ணைவிட மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சமீபத்து உறவு என்றால் துண்டு நீளமாக இருக்கும், பழைய உறவு நொறுங்கிப் போயிருக்கும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது, அந்த எட்டு மாதத்தில் உறவே இல்லாத பதினேழு பேருக்கு வணக்கம் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தேன்.

முடிவு வந்த அன்று வீட்டில் எல்லோரும் பார்த்தது இதையெல்லாம் இல்லை, வண்ணம் பூசிய வரைபடத்தை. எத்தனை சதவீதம் எந்த நாடு என்று காட்டும். எங்களுக்குத் தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்த ஒரே நிறம். "இதச் சொல்றதுக்கா லண்டனுக்கு எச்சி அனுப்புன?" என்று அப்பா கேட்டார்.

அதற்கு முன்னால் பக்கத்து வீட்டு மாமா வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டது இன்னொன்று. "என்ன ஆளுகன்னு காட்டுமா மாப்ள?" காட்டாது. சாதிக்கென்று ஒரு மரபணு கிடையாது. ஒரு கூட்டத்தில் சில குறிகள் கூடுதலாக இருக்கலாம், அதை வைத்து ஒரு தனி ஆளைப் பார்த்து நீ இன்னார் என்று எந்தக் குழாயும் சொல்லாது. மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிமாணிக்கத்தில் ஒருவரிடம் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி வந்த ஆதி மனிதர்களின் குறியைக் காமராசர் பல்கலைக்கழகத்துப் பிச்சப்பன் கண்டுபிடித்தாரே, அந்த மாதிரி சொல்லுமா என்று கேட்ட படித்தவர்களும் உண்டு. அது ஐம்பதாயிரம் வருசக் கணக்கு. எனக்கு வேண்டியது தொண்ணூறு வருசக் கணக்கு.

ஆனால் மாமா கேட்டதில் ஒரு பொடி இருந்தது, அதை அப்போது நான் கவனிக்கவில்லை. டிஎன்ஏ சொல்லாது, சரி. டிஎன்ஏ காட்டுகிற சொந்தக்காரர் சொல்வாரே?

அம்மாவோடும் பாம்பன் கிழவியோடும் பொதுவாக வந்தவர்களை எல்லாம் கழித்த பிறகு பட்டியலில் மிச்சம் நின்றவர்களில் ஒரே ஒருவர்தான் தலைக்கு மேலே தெரிந்தார். அப்பாவோடு 226 சென்டிமார்கன், ஒன்பது துண்டு, நீளமானது 48. அத்தையோடு 188. இது வீக்கம் இல்லை, நிஜமான சமீபத்து உறவு. ஆண், நாற்பது வயதுக்குள், இங்கிலாந்தில் இருக்கிறார். எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். ஏழு மாதம் கழித்து ஒரு வரி வந்தது: நீங்கள் யார், என்ன வேண்டும்? பிறகு அவரே சொன்னார், முன்பின் தெரியாத ஒருவன் உங்கள் இரத்த சம்பந்தம் என்று எழுதினால் அடுத்த கடிதத்தில் பணம் கேட்பான் என்றுதான் நினைத்தேன் என்று. நியாயம்தான்.

அவர் பிறந்தது கூடலூரில். அப்பா தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அப்பா பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். 1964 அக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்களே, அதில் இந்தியப் பங்கில் விழுந்த குடும்பம். 1973-இல் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் வந்து இராமேஸ்வரத்தில் இறங்கி, கூடலூருக்கு அனுப்பப்படும் வரை பதினோரு நாள் ஒரு முகாமில் இருந்தார்கள்.

எந்த முகாம் என்று நான் கேட்கவில்லை. வேறு முகாம் ஏது, மண்டபம்தான்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார், ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அந்த வருடங்களில் அய்யா மண்டபம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இலங்கையிலிருந்து ஆட்கள் வந்து இறங்குகிற நாட்களில் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் கேம்ப் வாசலில் போய் நிற்பாராம். எதற்கு நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். என்ன பெயரைச் சொல்லி, யாரைக் கேட்பது? அப்பத்தா ஏசிக்கொண்டே சோற்றை மூடி வைப்பார்.

சரி, உறவு என்ன? இங்கேதான் நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்த இங்கிலாந்துக்காரரும் என் அப்பாவும் ஆண் வழியில் ஒன்றா என்று பார்க்க ஒய் குரோமோசோம் சோதனை தனியாகச் செய்தோம். அது தகப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே இறங்குவது, பாதி கொட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. நம் ஊரில் பங்காளி என்கிறோமே, அதன் விஞ்ஞானப் பெயர் ஒய் என்று வைத்துக்கொள்ளுங்கள். (தாய் வழியில் மட்டும் இறங்குவது மைட்டோகாண்ட்ரியா. கொண்டையங்கோட்டை மறவர்களில் கிளை தாயைத் தொட்டுத்தான் வரும் என்பது இந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அந்தக் கணக்கு மாதிரி.) 37 இடங்களில் 36 ஒத்துப்போனது. பங்காளிகள்தான். அய்யாவின் அப்பா வழியில்தான் இந்தச் சொந்தம் வருகிறது, செத்துப்போன அந்தத் தாய் வழியில் இல்லை.

பிறகு இங்கிலாந்துக்காரரின் அப்பா, கூடலூர்ப் பெரியவரே எச்சில் கொடுத்தார். அப்பாவோடு 441.

பெரியவருடைய அப்பா, அதாவது இங்கிலாந்துக்காரரின் தாத்தா, எங்கள் அய்யாவுக்கு யார் என்பதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மண்டபத்திலிருந்து கப்பலேறிப் போன அந்த மனுசன் தோட்டத்தில் இன்னொரு கல்யாணம் பண்ணி, அதில் பிறந்த பிள்ளை. அப்படியானால் அய்யாவுக்கு வேறு தாய்க்குப் பிறந்த தம்பி. கூடலூர்ப் பெரியவர் என் அப்பாவுக்கு அண்ணன் முறை. இரண்டு, போன மனுசனுக்கு ஒரு தம்பி கூடவே போயிருக்கிறான், அவன் வழியில் வந்தவர்கள். அப்படியானால் பெரியவர் அய்யாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, என் அப்பாவுக்குச் சித்தப்பா. முதல் வழிக்கு அட்டவணைச் சராசரி 449. இரண்டாவது வழிக்கு 433. எங்களுக்கு வந்தது 441. நடுவில். சத்தியமாக நடுவில்!

இங்கிலாந்துக்காரரின் எண்ணை வைத்துப் பார்த்தாலும் அதே கூத்து, ஒரு வழிக்கு 224, இன்னொன்றுக்கு 229, வந்தது 226. இது தற்செயல் இல்லை. அரை உறவில் பாதி குறைகிறது, ஒரு படி தள்ளிப் போனாலும் பாதி குறைகிறது, கணக்கு ஒன்றுதான். இன்னும் பத்துத் தடவை துப்பினாலும் இந்த இரண்டு பேரை வைத்து இதைப் பிரிக்க முடியாது. ஒய்யும் உதவாது, இரண்டு வழியிலும் ஒய் ஒன்றே. டிஎன்ஏ உயிரோடு இருக்கிற சொந்தத்தைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிடும். செத்துப் போனவர்களுக்குப் பெயர் வைப்பது அதன் வேலை இல்லை, அதற்குக் காகிதமோ வாய்ச்சொல்லோ வேண்டும்.

காகிதம் அவர்களிடம் ஒன்று இருந்தது, தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டை. அதில் பெரியவரின் தாத்தா பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் எங்கள் பூட்டனுடையதா அல்லது பூட்டனின் அப்பாவுடையதா என்று ஒப்பிட எங்களிடம் பெயர் இல்லை. எங்களிடம் இருப்பது சமையல்காரத் தாத்தாவின் பெயர் மட்டும்தான்.

கேம்ப்பில் செத்த அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவிடம் இருப்பதில் கால் பங்கு போல அவளுடையது. அது யாரோடும் பொருந்தி இன்னும் வரவில்லை. அவளுடைய தாய் வழிக் குறியை அய்யா சுமந்தார், ஆண் என்பதால் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியவில்லை, அவரோடு 1998-இல் எரிந்துபோனது. பட்டியலில் வாரா வாரம் பார்க்கிறேன். அவளுக்கும் அண்ணன் தம்பிகள் இருந்திருப்பார்கள்தானே.

இதற்கிடையே 23அண்ட்மீ என்ற பெரிய கம்பெனி 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்ததும், மச்சான் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று கேட்டான். நாங்கள் கொடுத்தது அங்கே இல்லை. ஆனாலும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். நான் துப்பினால் என்னோடு என் அண்ணன் தங்கை, பிறக்காத பேரன் வரை கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவில் 2018-இல் நாற்பது வருடத்துக்கு முந்திய கொலைகாரனைப் பிடித்தது ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் அவனுடைய தூரத்துச் சொந்தங்கள் ஏற்றி வைத்திருந்த தகவலை வைத்துத்தான். அதே ஜெட்மேட்ச்சில் 'உங்கள் பெற்றோர் உறவினர்களா' என்று பார்க்க ஒரு வசதி உண்டு. பிற்பாடு நானும் துப்பி, என்னுடையதை ஏற்றி அமுக்கிப் பார்த்தேன். ஆமாம் என்று அது கொஞ்சம் சங்கடத்தோடு சொன்ன மாதிரி இருந்தது.

போன மே மாதம் கூடலூர்ப் பெரியவர் வந்தார். எழுபத்திரண்டு வயது, ஸ்வெட்டரோடு இறங்கினார், மே மாதத்து உச்சிப்புளியில். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த கால் மணி நேரத்தில் அத்தை கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார், அவரும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவர்கள் என்ன ஆட்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஊருக்கு இதற்குள் தெரிந்திருக்கும், பக்கத்து வீட்டு மாமா ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அத்தை ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் கணவாய்க்கு மசாலா அரைக்க ஆரம்பித்தார்.

குலதெய்வத்தைக் கேட்டேன். "புதுக்கோட்டப் பக்கம், திருமயம் தாண்டின்னு எங்கய்யா சொல்லுவாரு. கம்மாக்கரை, ஆலமரம், அய்யனாரு." அவ்வளவுதான் தெரியும். கண்மாயும் ஆலமரமும் அய்யனாரும் இல்லாத ஊர் திருமயம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தேடுகிறேன். ஆடி மாதம் ஒரு வண்டி பிடித்துக் கண்மாய் கண்மாயாகப் போய்ப் பார்ப்பதாகப் பேச்சு.

மறுநாள் காலை அப்பாவும் அவரும் மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி கேம்ப் வரை நடந்து போனார்கள். நான் பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். வாசலுக்கு வெளியே நின்று, "இந்தப் பக்கம் ஒரு கொழாய் இருந்துச்சு, தண்ணி உப்பா வரும்" என்றார் பெரியவர். அப்பா, "எங்கய்யா இங்கதான் நிப்பாரு" என்று ஒரு வேப்பமரத்தைக் காட்டினார். கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ரெண்டு பேரும் வேறு எதுவும் பேசவில்லை, கண்ணில் மண் விழுந்தது என்று வேட்டி முனையால் துடைத்துக்கொண்டார்கள்.

இரண்டு நாளும் ஒன்றைக் கவனித்தேன். அப்பா அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "சாப்பிட வாங்க", "இப்படி உக்காருங்க", "டீ போடவா" என்று மொட்டையாகவே ஓட்டிவிட்டார். நாலு வயது மூத்தவரைச் சித்தப்பா என்று கூப்பிடக் கூச்சம், அண்ணன் என்றால் அந்தப் பூட்டன் இரண்டாம் கல்யாணம் பண்ணியதை நாமே முடிவு பண்ணின மாதிரி ஆகிவிடும். பெரியவரும் ஒரு தடவை விளையாட்டாகக் கேட்டார், "நான் ஒங்களுக்கு அண்ணனா, சித்தப்பனா?" அப்பா சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் 449, 433 என்று ஆரம்பித்தேன், இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டியில் ஏற்றிவிட்டோம். அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பை என் கையிலேயே இருந்தது, வண்டி நகர்ந்த பிறகுதான் பார்த்தேன். அப்பா என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, அறுபத்தெட்டு வயதில், வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் பின்னால் ஓடினார். "அண்ணே! அண்ணே, பைய விட்டுட்டுப் போறீங்க!"